பூஜ்யத்தைத் தொட்ட கோடு

என் அத்தானுக்குத் தொழிற்சாலையில் வைத்திருந்த பட்டப்பெயர் மீன்முள். எந்தச் சிக்கல் வந்தாலும் வெள்ளைப் பலகையில் ஒரு மீனின் எலும்புக்கூட்டை வரைந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். நடுவில் நீளமாக முதுகெலும்பு. வலது ஓரத்தில் தலை, அதற்குள் சிக்கலின் பெயர். மேலும் கீழுமாகச் சாய்ந்து நிற்கும் முட்களில் காரணங்கள்: இயந்திரம், பொருள், ஆள், செய்யும் முறை. ஒவ்வொரு முள்ளிலும் குட்டி முட்கள். உலகம் முழுக்கத் தொழிற்சாலைகளில் இப்படித்தான் செய்கிறார்களாம். இருக்கட்டும். அதைச் சாமியாகக் கும்பிட்டவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

நாங்கள் ஃப்ரிட்ஜ் செய்கிறவர்கள். நான் பழுது பார்க்கும் பிரிவில் ஃபிட்டர். அத்தான் தரம் பார்க்கும் பிரிவுக்குத் தலைவர். கேட்டுக்கு உள்ளே அவர் எனக்கு சார், வெளியே வந்தால் அக்கா புருஷன். உள்ளே இருக்கும்போது அவரை வாரிவிட முடியாத குறையை ஞாயிற்றுக்கிழமைகளில் தீர்த்துக்கொள்வேன்.

அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் ஒரு கதவு. மதிய ஷிஃப்டில் செய்த ஃப்ரிட்ஜ் கதவுகள் மட்டும் ஒட்டி மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு திரும்பி வந்தன. மதிய ஷிஃப்ட் ஆட்கள் சோம்பேறிகள் என்று மேலே இருந்தவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அத்தான் எல்லோரையும் பலகையின் முன் உட்கார வைத்து, ஒவ்வொரு முள்ளாகச் சோதித்து, இல்லை என்று தெரிந்ததை அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் மிஞ்சியது கதவைச் சுற்றி ஒட்டும் ரப்பர் பட்டை. அதை அடுக்கி வைத்த இடத்துக்கு மேலே, வெளிச்சம் வருவதற்காகக் கூரையில் ஒரு கண்ணாடித் தகடு போட்டிருந்தார்கள். மதிய வெயில் அதன் வழியாக நேராக ரப்பர் மேல் விழுந்து, பட்டை இளகி நீண்டுபோயிருந்தது. அடுக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தோம். அவ்வளவுதான், கதவெல்லாம் மூடிக்கொண்டன. அன்றைக்கு அவருக்கு ஏறிய நம்பிக்கை பிறகு இறங்கவே இல்லை.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவர் பாடம் எடுப்பார். அதில் இரண்டே சட்டங்கள். “தலைக்குள்ள அளக்க முடியிற விஷயத்தை மட்டும் எழுதணும். ‘எல்லாம் மோசமா இருக்கு’ன்னு எழுதினா அதை யாராலயும் தீர்க்க முடியாது. ரெண்டாவது, நம்ம கைக்கு எட்டாத காரணத்தை முள்ளுல எழுதவே கூடாது. வெயில் அடிக்குதுன்னு எழுதினா வெயில்கிட்ட போய்ச் சண்டை போடுவியா? அடுக்கு தப்பான இடத்துல இருக்குன்னு எழுது.” இந்த வெயில் வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

வீட்டிலும் அப்படித்தான். தொழிற்சாலையில் ஓரம் உடைந்து கழித்துப் போட்ட பலகை ஒன்றைக் கொண்டுவந்து சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவிலிருந்த சுவரில் மாட்டினார். பால் அடிக்கடி பொங்கி வழிகிறது என்று அதில் ஒரு மீன் வரைந்தார். அடுப்பின் சூடு, பாத்திரத்தின் உயரம், பாலின் அளவு என்று முட்களை இழுத்துக்கொண்டே போனவரிடம் அக்கா சொன்னாள்: “நான் ஃபோன்ல பேசிட்டு நின்னுட்டேங்க. அதான் பொங்கிருச்சு. இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய மீனு?” அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ‘ஆள்’ என்ற முள்ளில் ‘ஃபோன்’ என்று எழுதிக்கொண்டார். என்னிடம் அக்கா, “கல்யாணம் ஆனதுலேர்ந்து எனக்கு முள்ளைத்தான் காட்டுறாரு. ஒரு நாளாவது மீனைக் கண்ணுல காட்டினாரா பாரு” என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதற்கும் ஒரு நாள் தலை வரையத் தொடங்கினார். அந்தப் படத்தை மட்டும் அக்கா எழுந்து போய்க் கையாலேயே துடைத்துவிட்டாள். அவரும் மறுபடி வரையவில்லை.

அக்காவுக்கு முதலில் செருப்புதான் தங்காமல் போனது. நடக்கும்போது இடது கால் செருப்பு தானாகக் கழன்றுவிடும். கழன்றது தெரியாமல் நடப்பாள். பிறகு மாடிப்படியில் ஒரு முறை, குளியலறையில் ஒரு முறை விழுந்தாள். எலும்பு டாக்டர், கண் டாக்டர் என்று அலைந்து, கடைசியில் நரம்பு டாக்டரிடம் போய்ச் சேர்ந்தோம். அந்த அம்மா சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன, ஏன் என்று யாருக்கும் தெரியாது, நிறுத்த மருந்து இல்லை, கால் போகும், கை போகும், பேச்சும் விழுங்குவதும் போகும் என்றார். எவ்வளவு காலம் என்று அத்தான் கேட்டார். ஆளுக்கு ஆள் மாறும் என்றார். ஓரளவுக்குக்கூட அளந்து சொல்ல முடியாதா என்று அத்தான் மறுபடி கேட்டார். முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அத்தான் பலகை முன் நின்றார். முதுகெலும்பை இழுத்தார். தலையை வரைந்தார். அதற்குள் என்ன எழுதப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வியாதியின் பெயரை எழுதினால் அதற்கு ஒரு முள்கூட வராது. கைக்கு எட்டும் காரணம் ஒன்றுமே இல்லையே. மனிதர் வெகு நேரம் நின்றார். பிறகு ‘கீழே விழுகிறாள்’ என்று எழுதினார். அந்த நிமிடமே அவருக்கு உடம்பில் உயிர் திரும்பியதைப் பார்த்தேன். தரை, வெளிச்சம், செருப்பு, அவசரம், பிடிமானம் என்று முட்கள் கடகடவென்று விழுந்தன.

எனக்கு இந்தப் படங்களைக் கண்டாலே எரிச்சல். ஆனாலும் அந்த மாதம் வேலை முழுவதும் என் தலையில்தான் விழுந்தது. சுவரெல்லாம் இடுப்பு உயரத்துக்குக் குழாய் அடித்து, பிடித்துக்கொண்டு நடக்க ரப்பர் உறை போட்டேன். வாசற்படிகளின் மேட்டைச் செதுக்கித் தரையோடு தரையாக்கினேன். கட்டிலில் கையெட்டும் இடத்தில் சுவிட்ச் வைத்தேன். அத்தான் குதிகாலில் பட்டை வைத்த செருப்பு வாங்கினார். நடக்கும் வழியில் மூலை முடுக்கெல்லாம் விளக்குப் போட்டார். மீனுக்குக் கீழே கட்டம் போட்டு, அக்கா விழும் ஒவ்வொரு முறையும் அந்த வாரத்தின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாகச் சிவப்புப் புள்ளி வைத்து, வாரங்களின் உச்சிப் புள்ளிகளைக் கோட்டால் சேர்த்தார். கோடு உண்மையிலேயே இறங்கியது. அதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் முட்டாள் இல்லை.

அக்கா விழுந்தால் விசாரணை நடக்கும். அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

“எப்படிம்மா விழுந்தே?”

“கால் மடங்கிருச்சுங்க.”

“ஏன் மடங்குச்சு?”

“திரும்பினேன்.”

“ஏன் திரும்பினே?”

“பின்னாடி குக்கர் சத்தம் போட்டுச்சு.”

“ஏன் அந்த நேரத்துல குக்கர் வச்சே?”

“நீங்க வந்து சாப்பிடணுமேன்னு வச்சேன். போதுமா?”

அவர் குரல் ஒரு நாளும் உயர்ந்ததில்லை. திட்டினாலாவது பதிலுக்குத் திட்டியிருப்பாள். புள்ளியை வைத்துவிட்டுப் பலகைக்கு முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். எந்த முள்ளை விட்டுவிட்டோம் என்று யோசனை. போட்ட சோறு தட்டிலேயே காயும். கூப்பிட்டால் “இதோ” என்பார், வரமாட்டார். வேலை முடிந்து வந்தால் கண் முதலில் பலகைக்குப் போகும், பிறகுதான் அக்காவுக்கு. அவர் இல்லாதபோது விழுந்தால் அவளே புள்ளி வைத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. அவளும் ஒழுங்காக வைத்தாள். பொய் சொல்லத் தெரியாத பிறவி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கட்டத்தில் புள்ளியே இல்லை. கோடு அடிக்கோட்டைத் தொட்டு, அதன் மேலேயே படுத்துக்கொண்டு போனது. வாரம் போனது, மாதம் போனது, அக்கா விழவில்லை. அத்தானுக்கு முகமே மாறிவிட்டது. வேலையில் விசிலடித்தார். கேன்டீனில் என் தோளில் கை போட்டார். உள்ளே அவர் அப்படிச் செய்ததே கிடையாது. “டாக்டருங்க பெரிய தலையைப் பார்த்துப் பயந்து நிக்கிறாங்கடா. பெரிசைத் துண்டு துண்டா வெட்டணும். வெட்டினா எல்லாம் கைக்குள்ள வரும். இது முடிஞ்சுது. அடுத்தது கை. ஸ்பூன் நழுவுதுல்ல, அதுக்குத் தனியா ஒரு மீன் போட்டிருக்கேன்” என்றார். எனக்கும் கொஞ்சம் ஆசை தொற்றிக்கொண்டது. யாருக்குத்தான் தொற்றாது?

மேனேஜர் காதுக்கு விஷயம் போய், பயிற்சி அறையில் எல்லோர் முன்னிலையிலும் அத்தானைப் பேச வைத்தார்கள். தலைப்பு: ‘வீட்டிலும் செய்து பார்க்கலாம்’. பலகையைப் படம் எடுத்துப் பெரிய திரையில் காட்டினார். சிவப்புக் கோடு மலையிலிருந்து இறங்குவதுபோல இறங்கித் தரையில் ஓடியது. “பூஜ்யம்” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெல்டர், “உன் அக்கா குடுத்து வச்சவங்கப்பா” என்று என் தொடையைத் தட்டினான். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அடுத்த மாதம் நரம்பு டாக்டரைப் பார்க்கும் நாள் வந்தது. காரில் ஏற்றி இறக்கத் துணைக்கு நானும் போனேன். வாசலில் அக்காவை இரண்டு பக்கமும் தாங்கினோம். அவள் பாரம் முழுவதும் எங்கள் கைகளில்தான் இருந்தது. “என்னக்கா இவ்வளவு கனக்குற?” என்றேன். “உக்கார வச்சுச் சோறு போட்டா கனக்காம என்ன செய்யும்?” என்று வாயை அடைத்துவிட்டாள். வெளியே கூட்டிக்கொண்டு போகும்போது தாங்கித்தான் பிடிக்க வேண்டும் என்பது அத்தானின் சட்டம். அதனால் அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

டாக்டரம்மா முழங்காலைத் தட்டிப் பார்த்தார், தொடையைப் பிடித்துப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். “எந்திரிச்சு அந்த ஜன்னல் வரைக்கும் நடங்கம்மா.”

அக்கா அசையவில்லை.

அத்தான் முந்திக்கொண்டார். “இப்பல்லாம் விழறதே இல்லை டாக்டர். இதைப் பாருங்களேன்.” ஃபோனில் பலகையின் படத்தை எடுத்து நீட்டினார். டாக்டர் மரியாதைக்கு வாங்கிப் பார்த்தார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இது விழுந்த கணக்கு. நடந்த கணக்கு எங்கே?”

“புரியலை டாக்டர்.”

“இவங்க எவ்வளவு நடந்தாங்கன்னு எங்கேயாவது குறிச்சிருக்கீங்களா?”

அத்தான் ஃபோனைத் திரும்ப வாங்கிப் படத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். அங்கே இல்லாத ஒன்றை எத்தனை தரம் தள்ளினாலும் எங்கே இருந்து வரும்? பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா தன் மடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “நடக்கிறதை நான் எப்பவோ விட்டுட்டேன் டாக்டர்.”

விஷயம் இவ்வளவுதான். அவர் காலையில் கிளம்பும்போது அவள் கட்டிலில் இருப்பாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்து, தன் மெஷினுக்கு முன் போடுகிற சக்கரம் வைத்த நாற்காலியில் அவளை உட்கார வைத்துவிடுவாள். சமையலறை, குளியலறை, ஜன்னல் ஓரம் எல்லாம் அதிலேயே. நான் செதுக்கித் தரையோடு தரையாக்கிய வாசற்படிகளில் அந்தச் சக்கரம் தடங்கல் இல்லாமல் உருண்டிருக்கிறது. மாலையில் தையல்காரம்மா மறுபடி வந்து மாற்றிவிட, அத்தான் வரும்போது அக்கா சாதாரண நாற்காலியில் இருப்பாள். ‘இப்பத்தான் உக்காந்தேன்’ என்பாள். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் எழுந்தால் அத்தான் தாங்கிக்கொள்வார். நடக்காதவள் எப்படி விழுவாள்?

டாக்டருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கோபம் எங்கள் மேலா அந்த வியாதி மேலா என்று தெரியவில்லை. “எப்படியும் ஒரு நாள் இந்த நடை போயிருக்கும். அதை நான் முதல்லயே சொன்னேன். ஆனா இப்போ போக வேண்டியது இல்லை. ஒரு வருஷம், அதுக்கு மேலயும் நடந்திருப்பாங்க. விழுந்து எழுந்தாவது நடந்திருப்பாங்க. சும்மா இருந்த தசை கரைஞ்சுபோச்சு. இந்த வியாதியில கரைஞ்சதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.” அத்தான் ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

வீட்டில் அவளை இறக்கி உட்கார வைத்தோம். நான் கிளம்பியிருக்க வேண்டும், கதவோரமே நின்றுவிட்டேன். அத்தான் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

“ஏன்மா இப்படிப் பண்ணினே?”

“ஒவ்வொரு புள்ளிக்கும் நீங்க தட்டை அப்படியே வச்சுட்டு உக்காந்திருந்தீங்க. விழற வலியைத் தாங்கிக்கலாம். அதைப் பார்க்கத்தான் என்னால முடியலை.”

“ஏன் என்கிட்ட சொல்லலை?”

“கோடு இறங்கினதும் சந்தோஷமா வந்தீங்க. பாட்டெல்லாம் பாடினீங்க. எப்படிச் சொல்றது?”

“இதெல்லாம் சரியாகும்னு நீயும் நம்பித்தானே இருந்தே?”

அக்கா சிரித்தாள். கேலிக்காரிதான், ஆனால் அது கேலி இல்லை. “டாக்டர் சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியுங்க. நான் ஒரு நாளும் நம்பலை. வீட்ல ஒருத்தராவது நம்பிக்கையோட இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்.”

அதற்கு மேல் ஏன் என்று கேட்க அவரிடம் ஒன்றும் இல்லை. அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டு அழுதார். வாழ்நாளில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அவர் மேல் கோபம் பொங்கியது. கூடவே அவரைப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வெளியே வந்து செருப்பை மாட்டினேன்.

தொழிற்சாலையில் பாடம் எடுப்பதை நிறுத்திவிட்டார். பயிற்சி அறையில் அந்தச் சிவப்புக் கோட்டைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதைக் கழற்றச் சொல்லி மேனேஜரிடம் கேட்டார். எதற்கு என்று அவர் கேட்டபோது பதில் சொல்லவில்லை, அதனால் இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. வீட்டுப் பலகையைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் கட்டம் போட்டார் என்று கேள்விப்பட்டபோது, இந்த மனிதர் திருந்தவே மாட்டாரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலே ‘கால் வலு’ என்று எழுதியிருந்தாராம். கரைந்தது திரும்பாது என்று டாக்டர் சொன்ன பிறகும், தினமும் சாயங்காலம் அவள் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்கிறாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அக்காவுக்கு இப்போது பேச்சு குழறுகிறது. வாயருகே காதை வைத்தால்தான் புரிகிறது. படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அத்தான் சொன்னார்: “எங்கே, தள்ளு பார்ப்போம்.”

பாதம் லேசாக அசைந்தது.

“பாத்தியாடா? நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை” என்று என்னிடம் சொன்னார்.

நான் கட்டிலின் மறுபக்கம் நின்றேன். போர்வைக்கு அடியில், இன்னும் கொஞ்சம் வேலை செய்கிற வலது கையால் அக்கா தன் தொடையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. நான் பார்த்துவிட்டதைப் பார்த்தவள், சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுபடியுமா? இவள் திருந்தமாட்டாளா, அவர் இதற்கும் ஏமாறுவாரா?

அத்தான் காலை மெதுவாக இறக்கி வைத்தார். போர்வையை இழுத்து அவள் கைக்கு மேல் ஒழுங்காகப் போர்த்திவிட்டார். “போதும், நாளைக்குப் பார்ப்போம்” என்று அவள் நெற்றியைத் துடைத்துவிட்டு, டீ போடச் சமையலறைக்குப் போனார். பலகையைக் கடந்துதான் போக வேண்டும். கடந்து போனார், பேனாவை எடுக்கவில்லை.

நான் பின்னாலேயே போய்ப் பலகையைப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கட்டங்களை அழகாகப் போட்டிருந்தார். எல்லாம் காலியாக இருந்தன. முதல் நாளிலிருந்து ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. அவருக்குத் தெரியும். அவள் கையால் தள்ளுகிறாள் என்று தொடக்கத்திலிருந்தே தெரியும். அக்கா அவருக்காக நடிக்கிறாள், அவர் அக்காவுக்காக நம்பியதுபோலக் காட்டிக்கொள்கிறார். இப்போது அந்த வீட்டில் நம்பிக்கொண்டிருக்கிறவர் யாரும் இல்லை.